களைகளுக்கும் ஓர் அடங்கல் வேண்டும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 முதல் 22 வரை நாடெங்கும் பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. ஜபல்பூரில் இருக்கும் மத்திய அரசின் களை ஆராய்ச்சி இயக்ககம் முன்னின்று நடத்தும் வாரம் அது. ஜூன் நடுவில் பருவமழை இறங்கும் மத்திய இந்தியாவுக்கு அந்த நாட்கணக்கு ஓரளவு பொருந்தும். ஓசூர் மேட்டுநிலத்துக்குப் பொருந்தாது. ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி வட்டாரத்தில் சித்திரை, வைகாசிக் கோடைமழையிலேயே பார்த்தீனியம் முளைத்துவிடும். முளைத்து நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் பூத்தும்விடும். ஆகஸ்டில் மாணவர்களும் ஊராட்சிப் பணியாளர்களும் வரிசையாக நின்று பிடுங்கும் செடிகளில் பெரும்பாலானவை தம் விதையை ஏற்கெனவே மண்ணில் கொட்டியவை. மிச்சம் இருக்கும் விதையும், பிடுங்கியதை டிராக்டரில் ஏற்றிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் உதிர்கிறது. இதில் யாருடைய அக்கறையையும் குறை சொல்ல முடியாது. எந்த இடத்தில், எந்த வாரத்தில், எந்தச் செடியைத் தொட வேண்டும் என்ற தகவல் யார் கையிலும் இல்லை என்பதுதான் குறை. நகரங்களைச் சுற்றிப் படரும் ஆக்கிரமிப்புக் களைகளைப் பொறுத்தவரை நமக்கு ஆள்பலத்தைவிட, ஏன் பணத்தையும்விட, முதலில் தேவைப்படுவது ஒரு வரைபடம். அதுவும் நாம் வழக்கமாகப் போடும் வகை வரைபடம் அல்ல.

ராயக்கோட்டையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும். மைசூர்ப் போர்களில் கைமாறிய மலைக்கோட்டை, தக்காளி மண்டி, பெங்களூரு–சேலம் ரயில் பாதையில் ஒரு நிலையம், ஓசூரிலிருந்து தருமபுரிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை எண் 844 என்று பல வழிகள் சந்திக்கும் ஊர் இது. ஒரு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைகளும் மின்னணு ஆலைகளும் மனைப்பிரிவுகளும் ஓசூரிலிருந்து நகர்ந்து வருகின்றன. இன்னொரு பக்கம் சானமாவு, தேன்கனிக்கோட்டைக் காடுகள். இந்தச் சிறிய பரப்பில் மூன்று வெவ்வேறு களைகள் மூன்று வெவ்வேறு நிலங்களைப் பிடித்திருக்கின்றன. காட்டோரத்தில் உண்ணிச்செடி, பெங்களூருவிலிருந்து இறங்கும் தென்பெண்ணையிலும் அதையொட்டிய நீர்நிலைகளிலும் ஆகாயத்தாமரை, தோண்டிய, கொட்டிய, வேலி போட்டுவிட்டு மறந்த எல்லா இடத்திலும் பார்த்தீனியம். தமிழ்நாட்டின் பொதுப்பேச்சில் களை என்றாலே முன்னால் வந்து நிற்பது சீமைக் கருவேலம். 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற ஆணையிட்டு, கண்காணிக்க வழக்கறிஞர் ஆணையர்களையும் அமர்த்தியது. சுற்றுச்சூழல் விளைவை ஆராயாமல் வெட்டுவதா என்ற கேள்வி எழுந்து, அதே ஆண்டில் சென்னையில் தடையும் பிறந்தது. அந்த வழக்கின் நியாயங்கள் ஒருபுறம் இருக்கட்டும். ராமநாதபுரத்துக்கு எழுதிய மருந்துச்சீட்டு கடல்மட்டத்திலிருந்து 2,500 அடிக்கு மேல் இருக்கும் இந்த மேட்டுநிலத்துக்கு எதற்கு? மாநிலம் முழுமைக்கும் ஒரே வில்லனை அறிவித்துப் படை திரட்டும் பழக்கமே உள்ளூர் வரைபடம் இல்லாததன் விளைவுதான்.

இந்த மூன்றில் பார்த்தீனியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராயக்கோட்டையின் பிழைப்போடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. 1950-களின் நடுவில் புனேயில் கவனத்துக்கு வந்த இந்த மெக்சிகோ வட்டாரச் செடி, அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது என்பது பரவலான கதை. இங்கே காங்கிரஸ் செடி என்று அது பெயர் வாங்கியிருக்கிறது. ஒரே செடி 15,000-க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். மேலே கிடக்கும் விதை சீக்கிரம் முளைக்கும் அல்லது சாகும். மண்ணுக்கடியில் புதைந்தது ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தோலில் அரிப்பும் படையும், மூச்சுத்திணறலும், தின்ற மாட்டின் பாலில் கசப்பும் எல்லோருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாதது அதன் மகரந்தம் செய்யும் வேலை. பார்த்தீனிய மகரந்தம் தக்காளி, மிளகாய், கத்தரி போன்றவற்றின் சூலகமுடியில் படிந்தால் காய்பிடிப்பு குறைகிறது என்று 1980-லேயே பெங்களூரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். இருபது ஆண்டு கழித்து, 2000-இல், இங்கிருந்து வடக்கே அனந்தபூர் மாவட்டத்தில் நிலக்கடலையைத் தண்டு கருகல் நோய் தாக்கியது. சுமார் 2,25,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. இழப்பு 300 கோடி ரூபாயைத் தாண்டியது. காரணமான வைரஸ் தங்கியிருந்தது பார்த்தீனியத்தில். அதன் மகரந்தத்தைச் சுமந்துபோய்க் கடலைச் செடியில் ஏற்றியவை இலைப்பேன்கள். இந்த இரண்டு சான்றுகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. உழவர் தன் வயலுக்குள் களையெடுத்துத்தான் இருந்தார். தீங்கு வந்தது அவருக்குச் சொந்தமில்லாத நிலத்திலிருந்து: சாலையோரம், தரிசு, ரயில்வே ஓரம், பக்கத்து மனைப்பிரிவு. தக்காளிக்கு விலை இல்லாத வாரத்தில் மண்டி வாசலில் கொட்டிவிட்டுப் போகும் விவசாயிக்கு, காய்பிடிப்பில் ஏற்படும் சிறு குறைவும் பெரிய கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்வார்? அவர் வயலுக்கு, என்ன பயிர் நிற்கிறது என்று எழுதிவைக்கும் அடங்கல் இருக்கிறது. அவரைக் கெடுக்கும் நிலத்துக்கு ஒரு பதிவும் இல்லை.

அப்படியானால் எதை வரைய வேண்டும்? இங்கேதான் நம் உள்ளுணர்வு தவறான பக்கம் இழுக்கிறது. புதர் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே கண் போகும். புகைப்படக்காரரும் அமைச்சரும் ஜேசிபியும் அங்கேதான் போவார்கள். 1988-இல் மைக்கேல் மூடி, ரிச்சர்டு மேக் என்ற இருவர் களைப் பரவலைக் கணக்கிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய தாய்த் திட்டு ஒன்றும், அதிலிருந்து தெறித்த சின்னஞ்சிறு புதுத் திட்டுகள் பலவும் இருக்கும்போது, மொத்தப் பரப்பின் வளர்ச்சியை முடிவுசெய்பவை பெரும்பாலும் சிறு திட்டுகளே என்று அவர்கள் காட்டினார்கள். பெரிய திட்டு தன் விளிம்பில் மட்டுமே வளரும். நூறு சிறு திட்டுகளுக்கு நூறு விளிம்பு. அதே பணத்தைச் சிறு திட்டுகளை அழிக்கச் செலவிட்டால் பலன் கூடும், பெரியதை ஓரளவு விட்டுவைத்தாலும்கூட. நெருப்பணைக்கும் படை, எரிந்து முடியப்போகும் வைக்கோற்போரை விட்டுவிட்டுப் பக்கத்துக் கூரையில் விழும் பொறியைத் தேடுவது போன்ற கணக்கு இது. இதை ஏற்றுக்கொண்டால் வரைபடத்தின் வேலையே மாறிவிடுகிறது. எவ்வளவு பரப்பு கெட்டிருக்கிறது என்பதைச் சொல்வது அதன் முதல் கடமை அல்ல. போன ஆண்டு இல்லாத எந்த இடத்தில் இந்த ஆண்டு பத்துச் செடி முளைத்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதிர்ச்சி தரும் எண்களுக்கு வேறு பயன் உண்டு. இந்திய வனவிலங்கு நிறுவன ஆய்வாளர்கள் 2020-இல், புலிகள் வாழும் காடுகளில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில், அதாவது 40 விழுக்காட்டுக்கு மேல், உண்ணிச்செடி படர்ந்திருப்பதாக மதிப்பிட்டார்கள். கொள்கை வகுப்போரை எழுப்ப அந்த எண் உதவும். நாளைக் காலை எந்த ஊரில் இறங்கி எந்த ஓடைக்கரையில் மண்வெட்டி போடுவது என்று அது சொல்லாது.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பத்து மீட்டர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் ஐரோப்பியப் படங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கின்றன. ஏரியை மூடிய ஆகாயத்தாமரையை அதில் எளிதாகப் பார்க்கலாம். கோடையில் மற்றவை காய்ந்திருக்கும்போது பச்சையாக நிற்கும் உண்ணிப் புதரையும் தேர்ந்த கண் பிரித்தறியும். சாலையோர வடிகாலில் அரை மீட்டர் அகலத்தில் நிற்கும் பார்த்தீனிய வரிசையைப் பார்க்க அதற்குக் கண் போதாது. நமக்கு முக்கியம் என்று மேலே சொன்ன சிறு திட்டுகள்தான் மேலிருந்து பார்த்தால் தெரியாதவை. கால்நடையாகப் போய், கைபேசியில் இடம் குறித்து, படம் எடுத்து வருவதற்கு மாற்று இப்போதைக்கு இல்லை.

எல்லா இடத்துக்கும் நடந்து பார்க்க முடியாது, பார்க்கவும் தேவையில்லை. இந்தக் களைகள் கண்மண் தெரியாமல் பரவுவதில்லை, நம் வழிகளிலேயே பயணம் செய்கின்றன. பெர்லினில் நெடுஞ்சாலைச் சுரங்கங்களுக்குள், காற்றும் பறவையும் விதை கொண்டுவர முடியாத இடத்தில், பொறிகள் வைத்து வண்டிகள் உதிர்த்த விதைகளைச் சேகரித்தார்கள். 2007-இல் வெளியான அந்த ஆய்வில் இருநூறுக்கும் மேற்பட்ட தாவர இனங்கள் கிடைத்தன. ஏறத்தாழ பாதி அயல் இனங்கள். நம் டிப்பர் லாரிகளுக்கு அப்படி ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் என்ன கிடைக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஓசூருக்கும் தருமபுரிக்கும் இடையே நான்குவழிச் சாலைக்காகக் கொட்டப்பட்ட மண், தொழிற்பேட்டை மேடாக்க வந்த கிராவல், ஏரி தூர்வாரி வயலுக்குப் போன வண்டல், வீடு இடித்த கழிவு, தக்காளி ஏற்றப் போய்த் திரும்பும் லாரியின் டயர் இடுக்கு, ஜேசிபியின் சங்கிலிப்பட்டை இவை எல்லாம் விதை வாகனங்கள். ஆகவே முதல் ஆண்டு வரைபடம் நிலப்பரப்பை அல்ல, கோடுகளை மட்டும் பார்த்தால் போதும்: சாலை, ரயில் பாதை, ஓடை, கால்வாய். அவற்றோடு சில புள்ளிகள்: மண் எடுக்கும் குவாரி, மண் கொட்டும் இடம், லாரி நிற்கும் இடம், மண்டி, புது மனைப்பிரிவு. இந்தக் கோடுகளின் இருபுறமும் சில மீட்டர் நடந்தாலே வரப்போகும் பத்தாண்டுப் பரவலின் பெரும்பகுதியை முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் இருக்கும் ஊருக்கு ஆஸ்திரேலியா ஒரு நல்ல முன்மாதிரி. குயின்ஸ்லாந்தில் பார்த்தீனியம் 1950-களிலிருந்தே இருக்கிறது. மத்தியப் பகுதியில் மேய்ச்சல் நிலங்களைப் பெருமளவு பிடித்துக்கொண்டது. தெற்கே ஒட்டியிருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அதை இன்னும் வேரூன்ற விடவில்லை. மந்திரம் ஏதுமில்லை. குயின்ஸ்லாந்திலிருந்து வரும் அறுவடை இயந்திரங்கள் போன்றவற்றைக் கழுவி, சோதனைக்கு உட்படுத்திய பிறகே உள்ளே விடுகிறார்கள். சாலையோரங்களைத் தேடி, புதிதாக ஒரு செடி தென்பட்டால் உடனே போய் அழித்து, அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் பார்க்கிறார்கள். நமக்கு அந்த நிலை எப்போதோ கைநழுவிவிட்டது, அத்திப்பள்ளி–ஜூஜூவாடி எல்லையில் வண்டியை நிறுத்திக் கழுவச் சொல்வது நடக்காத காரியம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஒப்பந்தக்காரரின் மண்வேலை இயந்திரம் பார்த்தீனியம் மண்டிய களத்திலிருந்து காட்டோரக் களத்துக்கு மாறும்போது தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும் என்று நிபந்தனை போடுவது அரை மணி நேர வேலை. எங்கே மண்டியிருக்கிறது, எங்கே இல்லை என்ற பட்டியல் இருந்தால்தான் அந்த நிபந்தனைக்கு அர்த்தம்.

ஆகாயத்தாமரை கதை வேறு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக இறங்கும் பெங்களூருவின் கழிவு தென்பெண்ணையில் கலந்து, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, ஓசூரையொட்டிய கெலவரப்பள்ளி அணையை நிரப்புகிறது. அணையில் வெள்ளை நுரை பொங்கும் படங்களைப் பார்க்காத நாளிதழ் வாசகர் இருக்க மாட்டார். அந்த நீரில் கரைந்திருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு விருந்து. ஓரிரு வாரத்தில் இரட்டிக்கும் செடியை இயந்திரம் வைத்து வாரினாலும் அடுத்த மாதம் அதே பரப்பு மூடிவிடும். 1980-களில் பெங்களூரு ஹெப்பால் ஏரியில் தென்னமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட கூன்வண்டுகளை விட்டு ஆகாயத்தாமரையை அடக்கிக் காட்டினார்கள். அது இந்தியக் களை அறிவியலின் பெருமைக்குரிய பக்கம். ஆனால் கழிவு பெருகிய நீரில் செடி வளரும் வேகத்தை வண்டு தின்னும் வேகம் எட்டுவதில்லை. எனவே இங்கே களையின் வரைபடம் என்பது உண்மையில் கழிவுநீரின் வரைபடம். எந்த வாய்க்காலின் முகப்பில் எந்த மாதம் செடி முதலில் தோன்றுகிறது என்று குறித்துவைத்தால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் கர்நாடகத்தோடு வாதாடும்போது நுரைப் படத்தைவிட வலுவான சாட்சி நம்மிடம் இருக்கும். நம் ஓசூரின் சாக்கடைகளும் அதே வரைபடத்தில் தெரியவரும் என்பது கூடுதல் பயன், சிலருக்குச் சங்கடம்.

இத்தனையையும் யார் செய்வது? புதிதாக ஓர் ஆணையம் அமைக்க வேண்டியதில்லை. புல எண் வாரியாக என்ன பயிர் நிற்கிறது என்று எழுதும் அடங்கல் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. அதையே கைபேசியில் இடக்குறிப்போடு பதியும் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பும் வந்துவிட்டது. 2024-இல் அதற்கு வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். தரிசு என்று ஒரே சொல்லில் கடந்துபோகும் இடத்தில் ஒரேயொரு கேள்வியைச் சேர்க்கலாம்: பார்த்தீனியம் இருக்கிறதா, பூத்துவிட்டதா? 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் எழுத வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் களைகளுக்கென்று தனிப் படிவமே உண்டு. பெரும்பாலான ஊர்களில் கெடு தேதிக்காக நிரப்பி மூடி வைக்கப்பட்ட பதிவேடு அது; திறந்தால் வேலைக்கு ஆகும். காவேரிப்பட்டினம் பக்கத்துப் பையூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எந்த மழைக்குப் பிறகு எத்தனையாவது நாளில் பிடுங்குவது என்ற உள்ளூர் நாட்காட்டியை அவர்களைவிட நன்றாக யாரும் தர முடியாது. 2019-இல் மாநகராட்சியான ஓசூரிடம் காலிமனை வரிப் பட்டியல் இருக்கிறது. பெங்களூருவில் வசித்துக்கொண்டு இங்கே மனை வாங்கிப் போட்டவரின் முகவரி அதில்தான் கிடைக்கும். 2022-இல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்ல ஆவணம், ஆனால் அதன் பார்வை பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கிறது. காட்டுக்கு வெளியே, சாலைக்கும் சிப்காட் மதிலுக்கும் நடுவே இருக்கும் நிலம் யாருடைய கொள்கையிலும் இல்லை.

சட்டம் போதாது என்ற வாதமும் எடுபடாது. பயிர்ப் பூச்சி, நோய், கொடுங்களை இவற்றை அறிவித்து, நிலத்தை வைத்திருப்பவரை அகற்றச் சொல்லவும், செய்யாவிட்டால் அரசே அகற்றிச் செலவை வசூலிக்கவும் வழி செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1919-லேயே வந்துவிட்டது. பக்கத்துக் கர்நாடகம் 1970-களிலேயே பார்த்தீனியத்தைக் கொடுங்களை என்று சட்டப்படி அறிவித்தது. அதனால் பெங்களூருவில் பார்த்தீனியம் ஒழிந்துவிட்டதா என்று கேட்டால், ஓசூர் சாலையில் ஒருமுறை போய்வந்தவரே பதில் சொல்வார். எந்த நிலம், யார் பொறுப்பு, எந்தத் தேதியில் பார்த்தது என்ற மூன்றும் இல்லாத அறிவிக்கை அரசிதழில் அச்சாவதோடு ஓய்ந்துபோகும்.

இந்த யோசனைக்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களில் மிகக் கனமானது, சூழலியலாளர்களிடமிருந்து வருவதல்ல, உழவர்களிடமிருந்து வருவது. உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி ஊராட்சிகளில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து விவசாயிகள் நெடுநாள் போராடினார்கள். நிலத்தைக் கையகப்படுத்தும்போது அது விளைநிலமா, தரிசா என்ற கேள்விதான் நடுவில் நிற்கிறது. இந்தச் சூழலில், ஒரு வேனில் வந்து இறங்குபவர்கள் புல எண் வாரியாக ‘களை மண்டிய தரிசு’ என்று பதிந்துகொண்டு போனால், அந்தப் பதிவு நாளை எந்த மேசைக்குப் போகும் என்ற அச்சம் எழுவது இயல்பு. மழை பொய்த்த ஓர் ஆண்டில், கூலிக்கு ஆள் கிடைக்காத ஓர் ஆண்டில் விடப்பட்ட நிலத்தை நிரந்தரத் தரிசாகக் காட்ட அது போதும். இந்த அச்சத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட்டால் திட்டம் முதல் கிராமத்திலேயே நின்றுபோகும், நிற்கவும் வேண்டும். பதில் வரைபடத்தின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். முதலில் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் சொந்தமான நிலம்: நெடுஞ்சாலை, ரயில்வே, புறம்போக்கு, ஒதுக்கப்பட்டும் ஆலை எழும்பாத சிப்காட் மனை. இவற்றைப் பெயரோடு, தேதியோடு எல்லோரும் பார்க்கும்படி வெளியிடலாம். தனியார் விளைநிலத்தில் வரப்புக் களையை உழவரே குறித்துக்கொண்டு உதவி கேட்கும் வழி போதும். அந்தக் குறிப்பை நில வகைப்பாட்டுக்கோ கையகப்படுத்துதலுக்கோ சான்றாகக் கொள்ளக் கூடாது என்று அரசாணையில் எழுத்துபூர்வமாக இருக்க வேண்டும். தீங்கு எங்கிருந்து வயலுக்கு வருகிறது என்று மேலே பார்த்தோம். அந்த வரிசைப்படியே பொறுப்பையும் கேட்பதுதான் முறை.

அயல் செடி என்பதற்காகவே வெறுப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. ராயக்கோட்டை மண்டியை வாழவைக்கும் தக்காளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இந்த மண்ணின் அடையாளமான கேழ்வரகின் பூர்விகம் ஆப்பிரிக்கா. ஓசூர் பசுமைக்குடில்களின் ரோஜாவுக்கும் இங்கே பாட்டன் வீடு கிடையாது. ஊர் எதுவானால் என்ன, கவனிக்காமல் விட்ட நிலத்தில் தானாகப் பரவி மற்றதை முளைக்க விடாமல் செய்கிறதா என்பதே அளவுகோல். தக்காளி அப்படிச் செய்வதில்லை. இந்த அளவுகோலை நேர்மையாகப் பிடித்தால் களைகள் மீது சுமத்தப்படும் சில பழிகளையும் இறக்கிவைக்க வேண்டிவரும். சானமாவுக் காட்டில் உண்ணிச்செடி புல்லை அமுக்கிவிட்டதால்தான் யானைகள் கேழ்வரகு வயலுக்கு வருகின்றன என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. புல் குறைகிறது என்பது சரி. துண்டான வலசைப் பாதை, விரிந்த சாலை, காட்டு விளிம்பிலேயே கைக்கெட்டும் சத்தான பயிர் இவற்றை விட்டுவிட்டு ஒரு புதர் மீது முழுப் பாரத்தையும் ஏற்றுவது, கட்டுமானங்களைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கும் வழி.

களையைப் பயன்பாட்டுப் பொருளாக்கினால் தானே தீர்ந்துவிடும் என்ற வாதம் கேட்க இனிமையானது. நீலகிரிப் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக் கழிகளைக் கொண்டு செய்த ஆளுயர யானைகள் உலகம் சுற்றி வந்தன. மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதே கழியில் நாற்காலி முடைகிறார்கள். கூலியும் மதிப்பும் கிடைப்பதால் இவை தொடரட்டும். ஆனால் கைவினைக்கு வேண்டியது முற்றிய கழி. அது அடர்ந்த பழைய புதரில்தான் கிடைக்கும். நாம் முதலில் தொட வேண்டிய இளம் திட்டில் விற்க ஒன்றுமில்லை. சந்தை ஒரு களையை நம்பத் தொடங்கிவிட்டால் அது தீர்ந்துபோவதை யார் விரும்புவார்? இதற்குச் சீமைக் கருவேலக் கரிமூட்டமே சாட்சி. களைக்கொல்லிக்கும் இதே போன்ற எல்லை உண்டு. கிளைபோசேட்டை 2022-இல் மத்திய அரசு பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களின் கைக்கு மட்டுமாகச் சுருக்கியது. குடிநீர் ஓடையோரத்திலும் பள்ளி வேலியிலும் அதைத் தெளிப்பது யோசனையே அல்ல.

பூச்சியை விட்டுக் களையை அழிக்கலாமே என்றால், அதில் தென்னிந்தியாவுக்கு முன்னனுபவம் உண்டு. சப்பாத்திக் கள்ளி ஒரு காலத்தில் தென்மாவட்டங்களின் தரிசையெல்லாம் மூடியிருந்தது. 1926-இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு வகைச் செதில்பூச்சி சில ஆண்டுகளில் அதைப் பெருமளவு துடைத்தது. பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டு 1983-இல் வந்தது, அடுத்த ஆண்டு பெங்களூருவில் விடப்பட்டது. 1980-களின் முடிவில் நகரைச் சுற்றிப் பார்த்தீனிய இலைகளை மொட்டையடித்தது. இடையில் அது சூரியகாந்தியைத் தின்கிறது என்ற புகாரில் ஆய்வுக்குழு அமைத்து, பல ஆண்டு தயக்கத்துக்குப் பிறகே மீண்டும் பரப்பினார்கள். கோடையில் அந்த வண்டு மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். மழை நன்றாகப் பிடித்த பிறகே எழும். கோடைமழையில் முளைக்கும் முதல் தலைமுறையை அது தொடுவதில்லை. அந்த இடைவெளியில் மனிதக் கை வேண்டும், கையுறையோடு. அந்தக் கை எங்கே போக வேண்டும் என்பதற்கு மறுபடியும் இடக்குறிப்பு வேண்டும். பிடுங்கிய இடத்தை வெறுமனே விட்டால் அதே விதை மீண்டும் முளைக்கும் என்பதால், புல்லோ கொள்ளோ விதைப்பதும் அதே கையின் வேலை.

செலவைப் பற்றிய ஆட்சேபம் எஞ்சி நிற்கிறது. முதல் ஆண்டுக்கு ராயக்கோட்டை, கெலமங்கலம், உத்தனப்பள்ளியை இணைக்கும் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மே, ஜூன், அக்டோபர் என்று மூன்று சுற்று நடை. ஒவ்வொரு சுற்றுக்கும் சில இளைஞர்கள், கைபேசி, கையுறை. ஆகஸ்டு வாரத்துக்கு இன்றைக்கு ஆகும் பதாகை, வண்டிச் செலவோடு ஒப்பிட்டால் இது தாங்காத தொகை அல்ல. இதில் கணிசமான பகுதியை அரசு கொடுக்கவும் வேண்டாம். நெடுஞ்சாலை ஒப்பந்தங்களில், கட்டி முடித்த பிறகும் குறிப்பிட்ட ஆண்டுகள் சாலையைப் பராமரிக்கும் பொறுப்பு ஒப்பந்தக்காரருக்கு உண்டு. குழி விழுந்தால் அவர் அடைக்க வேண்டும். கொட்டிய மண்ணிலிருந்து முளைத்த பார்த்தீனியம் அந்தப் பட்டியலில் இன்றைக்கு இல்லை. அடுத்த ஒப்பந்தப் புள்ளியிலும், சிப்காட் மனை ஒதுக்கீட்டு ஆணையிலும், மனைப்பிரிவு ஒப்புதலிலும் இந்த ஒரு வரியைச் சேர்க்கும் அதிகாரம் சம்பந்தப்பட்ட அலுவலகங்களிடமே இருக்கிறது. அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை.